ஸ்டெல்லா அக்கா திருத்திய நம்பர்

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவேனே தவிர, ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

திருவாரூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஸ்டெல்லா அக்கா. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர் போக, இவர் இங்கேயே இருந்து, ரத்தம் கொடுப்பவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்துப் பட்டியல் போட்டார். செல்போன் வந்த புதிது, ஆளாளுக்கு நம்பர் மாற்றுவார்கள். இவர் விடாமல் விசாரித்துத் திருத்துவார். அவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அவருடைய லாகினை நான்தான் நீக்கினேன்.

சர்வரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் எதையெல்லாம் தொடுகின்றன என்று பார்க்க, அந்தப் பட்டியலுக்கு ஒரு ஆடிட் ரூல் எழுதிவைத்தேன். யார் திறந்தாலும், திருத்தினாலும் சர்வரின் பதிவேடான லாகில் ஒரு வரி விழும். முதல் நாள், நகல் எடுத்துவைக்கும் பேக்கப் சர்வீஸ் மட்டும்தான். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு இன்னொரு வரி, ஸ்டெல்லா அக்காவின் பயனர் எண்ணில். பழைய புரோகிராம் ஏதோ ஓடுகிறது என்று சலித்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. சர்வரின் சொந்தக் கீபோர்டில் திருத்தியதாக லாக் சொன்னது. நம்பினால் நம்புங்கள், மூன்று மணிக்கு அந்தக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

மாறியிருந்தது ஒரே ஒரு போன் நம்பர். வலங்கைமானில் குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கும் பன்னீர்செல்வம், ஓ நெகட்டிவ்.

அடுத்த நாள் காலை, பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் எங்கேயும் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்த அந்தப் புது நம்பரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், பைக்கில் பறந்து வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் நன்றி சொல்லப் போனேன்.

"நேத்து மதியமே ஒரு அம்மா போன்ல சொன்னாங்களேங்க, நாளைக்கு எங்கயும் போயிடாதீங்க, ஆஸ்பத்திரில தேவப்படும்னு. அதான் நடவக்கூட தள்ளி வச்சிட்டு வீட்லயே இருந்தேன். ஆனா ஒண்ணு, இந்த சிம்மு போட்டு நாலு நாள்தான் ஆகுது, சொந்தக்காரங்களுக்கே இன்னும் சொல்லல" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். யாரும் அழைக்கவில்லை. அழைத்திருக்கவும் முடியாது. அவருக்குப் போன் வந்த அந்த மதியம் அந்தப் பெண்ணுக்கு வலியே எடுக்கவில்லை. டாக்டர் சொல்லியிருந்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.