எந்தப் பாடத்தில் வலி?

அந்த டிவி தொடரின் பெயரை அலுவலகத்தில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. "அப்படி ஒன்னு வந்துச்சா மேடம்?" என்று கேட்டார்கள். வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி வேகும் நேரத்துக்கு, நான்கைந்து மாதம் வந்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார்கள். மறக்கப்படுவதற்கு அதைவிடத் தகுதியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

குடும்ப நகைச்சுவைத் தொடராம். நான்கு பேர் சாப்பிடுவார்கள். நான்கு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில், பந்தியில் உட்கார்ந்த மாதிரி, நம்மைப் பார்த்தபடி. பின்னால் ஒரு மாடிப்படி. அதில் யாரும் ஏறியதில்லை. அம்மாவாக வந்தவர் பட்டுப்புடவையில் தோசை சுடுவார். அப்பா சோபாவிலிருந்து விழுவார். எழுதியவருக்கு வேறொன்றும் தோன்றாத வாரங்களில் இரண்டு முறை விழுவார். நாம் எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் பதிவுசெய்த சிரிப்பு ஒன்று வரும். அதில் ஒரு பெண் மட்டும் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு 'ஹீ' கூடுதலாகச் சிரிப்பாள். எல்லா வாரமும் அதே பெண், அதே 'ஹீ'.

வாராவாரம் வந்த நகைச்சுவை ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் போகும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். அம்மா இடுப்பில் கை வைத்து, "எந்தப் பாடத்துல வலிக்குது?" என்பாள். "கணக்குலம்மா" என்பாள் மகள். சிரிப்பு. ஹீ. அந்த மகளுக்கு ஒரு வாரம்கூட உண்மையாக வலித்ததில்லை. ஒரு வாரமாவது வலிக்கட்டும் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று தெரியவில்லை.

தொடர் நின்றது. நாங்கள் நிறுத்தவில்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டில் நான், என் கணவர், ஒரே மகள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. தலைவலி, கால்வலி, எதைச் சொன்னாலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்பேன். அவள் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்வாள். கணவர் அந்தப் பதிவுச் சிரிப்புப் பெண்ணைப் போலவே சிரித்து, கடைசி 'ஹீ'யையும் போடுவார். மூவருக்கும் மூன்று பங்கு. யாராவது தன் பங்கை விட்டால் மற்றவர்கள் விடமாட்டோம். படித்த குடும்பம். ஆறு வருடம் இதைச் செய்தோம்.

அவள் பிளஸ் டூ படித்த வருடம், ஒரு திங்கட்கிழமை காலை, "வயிறு வலிக்குதும்மா" என்றாள். அரியலூரில் எனக்கு வேலை. ஏழரை பஸ்ஸைப் பிடிக்கப் புடவை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பாடத்துலடி?"

"கெமிஸ்ட்ரி."

அவர் சிரித்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நான் கேட்டதும் அவள் சுவரில் கை வைத்துக் குனிந்து நின்றாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"சொல்லும்மா, அப்பா சிரிக்கறதுக்கு ரெடியா நிக்கிறேன்ல" என்றார் அவர்.

"எல்லாப் பாடத்துலயும்ப்பா" என்றாள்.

இதுவரை சொன்னதிலேயே இதுதான் நல்ல பதில் என்று இருவரும் சிரித்தோம்.

பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். "வாந்தி எடுத்துட்டு பெஞ்சுலயே சுருண்டு கெடக்குது மேடம், உடனே வாங்க." கணவரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் அது ஊர்ந்தது. குன்னம் தாண்டும்வரை நான் செய்தது ஒன்றுதான்: அவள் முதலில் சொன்னது திங்களா செவ்வாயா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் திங்கள்தான் வந்தது.

நான் போனபோது ஸ்கேன் முடிந்திருந்தது. குடல்வால் வெடித்துவிட்டது, சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். "எத்தன நாளா வலிங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னைக்குக் காலையிலதான் சார்" என்றேன்.

என் வாயிலிருந்து அது தடையில்லாமல் வந்தது. உண்மையான நாள் தெரிந்தால்தான் அவரால் சரியாகச் செய்ய முடியும் என்பது தெரிந்தும் சொன்னேன். கணவர் தரையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமல், "திங்கக்கிழமையிலேர்ந்து சார்" என்றாள்.

"வூட்ல சொல்லலியாம்மா?"

"சொன்னேன் சார். வெளையாட்டா சொல்லிட்டேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். "வயித்து வலியில என்னம்மா வெளையாட்டு? இன்னும் ஒரு நா போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" அவள் தலையாட்டினாள். திட்டு வாங்க வேண்டியவள் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் படுக்கை, தேர்வைக்கூட எழுதிவிட்டாள். உறவினர்களிடம் கணவர், "நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டு போனோம்" என்று சொல்லும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தக் கேள்வியை அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதைப் பற்றியும் பேசியதில்லை.

இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் நான்தான் போன் செய்கிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எங்காவது வலிக்கிறதா. "ஒன்னுமில்லம்மா, நல்லா இருக்கேன்." தினமும் அதே குரல், அதே சுருக்கம்.

போன மாதம் பேச்சுவாக்கில், காய்ச்சல் வந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டதைச் சொன்னாள். சரியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"எங்கிட்ட சொல்லலாம்லடி?"

"அதான் சரியாயிடுச்சேம்மா."

"எத்தன நாள் இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாள்தாம்மா" என்றாள்.