அடியில் இரண்டு தட்டு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படகில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டிய பாஸ்கல், அவர் மச்சான் பிராங்கிளின், எண்ணூர்ப் பக்க மீன்பிடி பற்றி எழுதப் போன நான். மூவரும் உயிரோடுதான் இருக்கிறோம். காசிமேட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

பொழுது இறங்கும்போது திரும்பினோம். காட்டுப்பள்ளிக்கு நேரே, கப்பல் வரும் தடத்தில் எஞ்சின் கொதித்தது. சூடு காட்டும் முள் நூற்றைத் தாண்டியதும் பாஸ்கல் நிறுத்தினார். பெல்ட் சரி. தொட்டியில் தண்ணீர் முட்ட இருந்தது. அந்தத் தண்ணீர் படகின் அடியில், வெளியே ஓடும் செம்புக் குழாய்க்குள் போய், கடல் குளிர்ச்சியில் ஆறித் திரும்ப வேண்டும். போகும் குழாயையும் வரும் குழாயையும் தொட்டார். இரண்டும் ஒரே சூடு.

"மச்சான், போன வாரம் அடியில பெயிண்ட் அடிச்சியே... பைப்புக்குமா அடிச்ச?"

"ரெண்டு கோட்டு. சும்மா பளபளன்னு கீது மாமு."

"பைப்புக்கு ஸ்வெட்டர் மாட்டிவுட்டுக்கீற. சூடு எப்டிடா வெளிய போவும்."

கிழக்கே விளக்குகள் தெரிந்தன. நிலக்கரிக் கப்பல். நேராக எங்களை நோக்கி. பாஸ்கல் வாக்கி-டாக்கியில் கப்பலைக் கூப்பிட்டார்... பதில் இல்லை.

அடியில் இறங்கிக் குழாய்ப் பெயிண்டைச் சுரண்ட, பிராங்கிளின் சுரண்டியை எடுத்துக்கொண்டு இடுப்பில் கயிறு கட்டினான். பாஸ்கல் சொன்னார்: "சுரண்டி முடிச்சதும் ரெண்டு தட்டு தட்டு. அப்பறம் மேல வந்து விளிம்புல கை வையி. கைய பாக்காம எஞ்சின தொடமாட்டேன்."

அப்போதுதான் கேட்டது.

கர்ர்... கர்ர்...

படகின் அடியிலிருந்து. செம்பைச் சுரண்டும் சத்தம்.

பிராங்கிளின் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வலை ஏதாவது உரசுதா?" என்றேன்.

"வலைக்கு இந்தத் தாளம் வராது சார்."

சத்தம் முன்னாலிருந்து பின்னால் நகர்ந்தது. குழாய் போகும் வழியிலேயே.

"யாருப்பா அடியில?"

நின்றது.

பிறகு... முன்பைவிட வேகமாக.

கப்பல் ஹார்ன் அடித்தது. அதன் முகப்பு வானத்தை மறைத்தது.

டொக். டொக்.

பாஸ்கல் விளிம்பையே பார்த்தார். கை வரவில்லை.

"மாமு, ஸ்டார்ட் பண்ணு."

"அடியில ஆளு கீறான்டா."

"நாம மூணு பேரும் மேலதான கீறோம்."

கை வரவில்லை...

"மாதாவே, மன்னிச்சிரு."

சாவியைத் திருப்பினார்.

படகு ஒருமுறை அதிர்ந்தது. எதன்மீதோ பட்டதுபோல.

கப்பலின் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. தப்பினோம். காசிமேடு வரை முள் எண்பதைத் தாண்டவில்லை.

மறுநாள் படகைக் கரையேற்றினார்கள். அடி முழுக்கச் சிவப்புப் பெயிண்ட். குழாய் மட்டும் புதுச் செம்பாக மின்னியது. சுரண்டல் முடிந்த இடத்துக்கும் புரொப்பெல்லருக்கும் ஒரு கை தூரம்.

பட்டறைக்கார ஞானம் குனிந்து பார்த்தார்.

"நீ வாங்கறதுக்கு முன்னாடி இந்த லாஞ்சுல மணின்னு ஒர்த்தன் இருந்தான். நடுக்கடல்ல அடியில பூந்து பைப்பு சுரண்டிகினு இருந்தான். கப்பல் வந்துச்சு. ரெண்டு தட்டு தட்டுனான். ஒடனே எஞ்சின போட்டுட்டாங்க. அவன் மேல வர்ல."

பாஸ்கல் கேட்டார்: "கை வைக்கலயா அவன்?"

"கை வைக்கிற வழக்கமே மணி செத்த பொறவு வந்ததுதான் பாஸ்கலு. அவனுக்கு ரெண்டு தட்டுதான் தெரியும்."