பச்சைத் துப்பட்டா ஓரம்

போஸ்டர்ல முதல்ல என் கண்ணுல பட்டது ஒரு பச்சைத் துப்பட்டாவோட ஓரம்தான். அது என்னோடது.

அப்புறம்தான் பேரை வாசிச்சேன். பாண்டியம்மா அக்கா போயிட்டாங்க... ஒத்தக்கடை பஸ் ஸ்டாப் சுவத்துல அஞ்சலி போஸ்டரைப் பார்த்துதான் எனக்கே தெரியும்.

நாங்க ஒரே கவரிங் கடையில வேலை பார்த்தோம். போன பொங்கலோட நான் நின்னுட்டேன். கஸ்டமர்கிட்ட பேசப் பயந்து நான் முழிச்சா, "இந்தப் பிள்ள வாயை வீட்டுல வச்சிட்டு வந்துருச்சு, இங்கிட்டு வாங்க"ன்னு அக்கா கூப்பிட்டுக்குவாங்க.

ஒரு லீவு நாள்ல முதலாளி எங்களைத் தல்லாகுளத்துல பழைய நகைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனார். "அசலைப் பார்த்தாத்தான் கவரிங் விக்க வரும்"னார். சுத்திக் காட்ட ஒரு மேடம். கொஞ்சம் காலேஜ் பிள்ளைகளையும் எங்களோட சேர்த்து விட்டாங்க.

அதுல ஒருத்தி என்கிட்ட, "நீ எந்த காலேஜ்?"னு கேட்டா. ஒன்பதாவதோட நின்னவ நான். சொல்லலை. சும்மா சிரிச்சேன்... அம்புட்டு சந்தோஷம்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில அம்மனுக்குச் சாத்தின பழைய கல் ஒட்டியாணம். மேடம் கல்லைப் பத்திச் சொல்லிட்டு இருந்தாங்க. அக்கா செருப்பை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல நின்னாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டு, சத்தமா, "ஏ பிள்ள, ஆத்தா இடுப்புல கெடந்ததுடி! அங்க என்ன பராக்கு, வந்து கும்பிடு!"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு, "உங்க அம்மாவா?"ன்னா.

"இல்ல... யாருன்னு தெரியாது."

அக்காவுக்குக் கேட்டுருச்சு. "ஆமா தாயி, ஆள் மாத்திக் கூப்பிட்டுட்டேன்"னு அவங்களே சொன்னாங்க.

கிளம்பும்போது வாசல்ல குரூப் போட்டோ. அக்கா பக்கத்துலதான் இடம் இருந்துச்சு, நின்னேன். வீட்டுக்கு வந்து அக்காவை வெட்டிட்டு என்னை மட்டும் இங்க பதிவா போட்டேன்.

அக்கா மகன் போன்ல இருந்து ஒரு ஹார்ட் வந்துச்சு. மறுநாள் கடையில, "போட்டோ நல்லாருக்கு பிள்ள"ன்னாங்க. வேற ஒண்ணும் கேக்கலை.

அன்னைக்கும் டிபன் பாக்ஸைத் திறந்து முதல்ல என் பக்கம்தான் நீட்டுனாங்க. மன்னிச்சிருங்கன்னு நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே...

அக்காவுக்கு வேற நல்ல போட்டோ இல்ல போல. போஸ்டருக்கும் அந்தக் குரூப் போட்டோவைத்தான் வெட்டிருக்காங்க.

போயிட்டு வாங்க அக்கா.

பழைய பதிவை அழிச்சிட்டேன். முழுப் போட்டோவைக் கீழ போட்டிருக்கேன். பச்சைத் துப்பட்டா நான். பக்கத்துல வெறுங்கால்ல நிக்கிறது பாண்டியம்மா அக்கா.