நாற்பது நட்சத்திரங்களும் ஒரு பானை வென்னீரும்

என் தம்பி சேதுராமன் காஜா பெராங் வட்டாரத்து முலாம் பட்டறையில் ஒன்பது வருடம் மெருகுச் சக்கரத்தில் சைக்கிள் சாமான் தேய்த்தவன். நெஞ்சு முழுக்கத் தூசி. அவன் இருமினால் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா விழித்துக்கொள்வாள்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் பட்டறை முதலாளி தவுக்கே அவனைத் தொட்டி வேலைக்கு மாற்றினார். அலுமினியத்துக்குப் பொன்னிறம் ஏற்ற வேண்டும். ஜாலான் பெண்டஹாரா தெரு ஜவுளிக்கடை அப்துல் கய்யூம் பாய், அலங்கார வளைவுக்கு நாற்பது நட்சத்திரம் கேட்டிருந்தார். கெட்டுப்போனால் தம்பி மறுபடியும் சக்கரத்துக்குத்தான்.

"என்னத்தடா பூசுற?" என்றேன்.

"ஒண்ணும் பூசலக்கா. ஆசிட்டுல தொங்கவிட்டுக் கரண்டு குடுத்தா, தகடு தானே தோல் வளத்துக்கும். அதுல கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டை. சாயம் அதுக்குள்ள எறங்கிடும்."

"தெரியாத ஓட்டைய யாருடா பாத்தா?"

"தவுக்கே சொன்னாரு."

"அவரு பாத்தாரா?"



பட்டறையில் அடுப்பு கிடையாது. அதனால் சாயம் தோய்ப்பது எங்கள் கொல்லையில். முதல் நாள் வந்த கையோடு, சோதனைக்கென்று தனியாக ஒரே ஒரு நட்சத்திரம் தோய்த்தான். தங்கம் மாதிரி வந்தது; பாயிடம் காட்ட அப்போதே கொண்டு போய்விட்டான். மறுநாள் நாற்பதையும் முக்கினான். தண்ணீரில் அலசியதும் வெறும் அலுமினியம்! தோலை உரித்து, மறுபடி தொட்டியில் போட்டு எடுத்து வந்தான். அப்போதும் ஒட்டவில்லை. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அந்த ஒண்ணுக்கும் இந்த நாப்பதுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் சுத்தமாத்தான் வெச்சேன்."

"சுத்தமான்னா?"

"ஆசிட்டுல கெடந்த சாமான். பிள்ளைங்க தவழுற வீடு. ரெண்டு தடவையும் நீ தோய்க்கறதுக்கு முன்ன குளிக்கப் போனப்ப அரை மணி நேரம் கொதிக்க வெச்சேன்."

"ஓட்டைய அடைச்சிட்டியே அஞ்சலக்கா!"

"வென்னி எப்படிடா ஓட்டைய அடைக்கும்?"

அவனுக்கும் தெரியவில்லை. மூன்றாம் முறை எடுத்து வந்து கொதிக்க வைக்காமல் தோய்த்தான், நிறம் பிடித்தது. ஆனால் கொதிக்காத சாமான் என் வீட்டில் இருக்காது. அவன் கத்தக் கத்த, சாயம் ஏறிய நாற்பதையும் பானையில் போட்டேன். போச்சு என்று அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

சாயம் போகவில்லை.

மறுநாள் கடையில் கய்யூம் பாய் கைக்குட்டையை நனைத்து, முதல் நாள் நட்சத்திரத்தை முதலில் தேய்த்தார், துணி மஞ்சளானது. கொதித்ததை எடுத்து அழுத்தித் தேய்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. நாற்பதையும் வாங்கிக்கொண்டார்.

தம்பி தொட்டியிலேயே நிலைத்தான். பொன்னம்மா விடியும் வரை தூங்கினாள். எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. அதே பானை, அதே வென்னீர். தோய்க்கும் முன்னால் போட்டால் சாயத்தை உள்ளே விடாது, தோய்த்த பின்னால் போட்டால் வெளியே விடாது. ஓட்டை, ஓட்டை என்று அவன் எத்தனையோ தடவை விளக்கினான். கண்ணால் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.