அளவு ப்ளவுஸ் வாங்காத கடை

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, சமயபுரம் பஸ்களெல்லாம் மஞ்சள் புடவைகளால் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நாளில், அறிவுமதி சிங்கப்பூருக்கு விமானம் ஏறினாள். "ஆடியில யாராவது புதுக்குடித்தனம் போவாங்களா?" என்று அவள் அம்மா வாரம் முழுக்க முனகிக்கொண்டிருந்தாள். ஆடியில்தான் டிக்கெட் மலிவு என்று மாப்பிள்ளை ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்.

திருச்சி விமான நிலைய வாசலில் அறிவுமதி அழவில்லை. அக்கா ஆனந்தவள்ளியை ஓரமாக இழுத்துப் போய், கடைசி நிமிடப் பாடம் நடத்தினாள்.

"அக்கா, யார் வந்து கேட்டாலும் நாளைக்குன்னு சொல்லு. இன்னைக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாத."

"நாளைக்கு வந்து கேட்டா?"

"அப்பவும் நாளைக்குத்தான். அதைச் சொல்றதுக்குன்னு ஒரு முகம் வேணும். உனக்கு அது கிடையாது, அதான் எனக்குக் கவலை."

கவலைக்குக் காரணம் இருந்தது. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரை ஒட்டிய ஒற்றை அறையில் அக்காவும் தங்கையும் ஆறு வருடங்களாக லேடீஸ் டைலர் கடை நடத்தி வந்தார்கள். வெட்டுவதும் தைப்பதும் வள்ளி. சமயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சந்திரம்மாள் ஹூக் வைப்பாள், கைத்தையல் போடுவாள், திரும்பி வந்ததைப் பிரித்துத் தைப்பாள். மற்றதெல்லாம் அறிவுமதி. புடவைக்கு மேட்சாக லைனிங் துணி வாங்கத் தெப்பக்குளம் கடைகளுக்கு ஓடுவாள். போனை எடுப்பாள், கோபமாக வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். "மேடம், உங்க ப்ளவுஸ் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, கைதான் பாக்கி" என்று அவள் சொன்னால், துணி இன்னும் பையைவிட்டே வெளியே வராதது யாருக்கும் தெரியாது.

வள்ளிக்கு அந்த வித்தை வராது. அவளுக்கு முடியாது என்று சொல்லவும் வராது. ஃபால்ஸ் தைக்கணும் என்றால் சரி. பையனின் ஜீன்ஸைக் குட்டையாக்கணும் என்றால் சரி. தலையணை உறைக்கும் சரி. உங்களுக்கும் ஸ்ரீரங்கத்தில்தானே வீடு, போகும்போது எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்களேன் என்றால் அதற்கும் சரி. மாலையில் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டையோடு அவள் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதைப் பார்த்து, துணி வெளுக்க எடுத்துப் போகிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. பகலெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கை தைப்பதற்குள் நாலு பேர் "ரெடியா?" என்று கேட்டார்கள். வள்ளி நாலு பேரிடமும் உண்மையைச் சொல்லி, நாலு பேரிடமும் திட்டு வாங்கினாள்.

ஆவணி பிறந்ததும் கட்டட உரிமையாளர் சவரிநாதன் வந்து நின்றார். நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்துத்தான் பேசினார்.

"தங்கச்சி போயிருச்சு, தனியா சிரமப்படுறீங்கம்மா. ஸ்கேன் சென்டர்காரங்க இந்த ரூமையும் சேர்த்துக் கேக்குறாங்க. நான் தை மாசம் வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள கடையை நடத்துறதா, விடுறதான்னு ஒரு முடிவு சொல்லிடுங்க."

அந்த அறையை விட்டால் வள்ளிக்கு வேறு அறை இல்லை. தில்லை நகரில் இன்றைக்கு இருக்கும் வாடகைக்கு ஒரு டைலரால் புதிதாக நுழைய முடியாது. தை வரைக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே யாரோ நீட்டிய திரைச்சீலைத் துணியையும் வாங்கி வைத்தாள்.

அந்த ஆவணியில்தான் கடையின் பழைய வாடிக்கைக்காரர் ரங்கநாயகி மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று காலையில் வள்ளி தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மணப்பெண் தயார், மாப்பிள்ளை தயார், மணப்பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் ப்ளவுஸ் ஹூக் சேரவில்லை. வள்ளி பாதிப் பின்னலோடு ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். நல்லவேளை, மண்டபமும் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தது.

"ஏண்டி வள்ளி, இதுக்குள்ள நான் மூச்சு விடறதா வேண்டாமா?" என்றாள் மாமி. "நாதஸ்வரக்காரர் மூச்சுவிடறார், நான் விடக் கூடாதா?"

வள்ளி பக்கவாட்டுத் தையலைப் பிரித்தாள். உள்ளே எப்போதும் ஒரு விரல் துணி விட்டுவைப்பாள், அது கை கொடுத்தது. "நீங்க குடுத்த அளவு ப்ளவுஸ் மாதிரியேதான் மாமி தைச்சிருக்கேன். நூல் பிசகலை."

"அம்மா அளவுக்குக் குடுத்தது எது தெரியுமா?" என்று நகைப்பெட்டியை மூடிக்கொண்டே மணப்பெண் சொன்னாள். "அண்ணா பூணூலுக்குப் போட்டுண்டது. அண்ணாவுக்கு இப்போ தலையில வழுக்கை விழுந்துடுத்து."

வள்ளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன் மாமி, இப்ப போட்டுக்கறது ஒண்ணைக் குடுத்திருக்கலாம்ல?"

"நல்ல கதையா இருக்கே. நன்னா இருக்கறதை உங்கிட்ட ஒரு மாசம் விட்டுட்டு, நான் எதைப் போட்டுக்கறது? ஆத்துல சும்மா கிடக்கறதைத்தான் குடுப்பா."

ஊசி அப்படியே நின்றது. மாமி அவசரப்படுத்திய பிறகுதான் வள்ளி மறுபடி தைக்க ஆரம்பித்தாள். சும்மா கிடப்பது ஏன் சும்மா கிடக்கிறது? சேராததால்தான். உடம்புக்குச் சரியாக இருக்கும் ப்ளவுஸ் உடம்பில் இருக்கும், இல்லையென்றால் கொடியில் காயும். பீரோவின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடப்பதுதான் டைலரிடம் வரும். ஆறு வருடங்களாக ஊரில் யாருக்கும் பொருந்தாத ப்ளவுஸ்களையெல்லாம் தேடிப் பிடித்து, அவற்றைப் போலவே நூல் பிசகாமல் இன்னொன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஹூக் சேர்ந்தது. மாமி மூச்சு விட்டாள். வள்ளி மண்டபத்துக்குள் போய் ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். தான் தைத்த ப்ளவுஸ்கள் அங்கங்கே நடமாடிக்கொண்டிருந்தன. ஒருத்தி தோளில் ஊக்கு குத்தியிருந்தாள். இன்னொருத்தி அடிக்கொரு தரம் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்றாமவள் முந்தானையால் முதுகை மூடிக்கொண்டு, முழுக்கத் திரும்பாமலே எல்லோரிடமும் பேசினாள். வெட்கப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் வள்ளிக்கு எதையோ கண்டுபிடித்துவிட்ட குஷி. பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை அக்காரவடிசல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடையைத் திறந்து, கிடந்ததையெல்லாம் இரண்டாகப் பிரித்தாள். புதிதாகத் தைக்க வேண்டியவை ஒரு பக்கம், பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தவை ஒரு பக்கம். திரும்பி வந்த குவியல் மேசையிலிருந்து வழிந்து ஸ்டூலையும் பிடித்துக்கொண்டது. போனில் வரும் கோபம், சந்திரம்மாளின் பகல் முழுவதும், தன்னுடைய பாதி நாள் எல்லாம் அந்த ஸ்டூலில்தான் கிடந்தன.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மாதவன், அவள் கணவர், குவியலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அவர் டவுன் பஸ் டிரைவர்.

"எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்லட்டா? என் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கும். கை காட்டுற இடத்துல எல்லாம் நிறுத்தினா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எடுத்த பஸ்சு ஸ்ரீரங்கம் போய்ச் சேராது."

"நிறுத்தலைன்னா திட்டுவாங்களே."

"திட்டுவாங்க. அப்புறம் ஸ்டாப்புக்கு நடந்து வருவாங்க."

திங்கட்கிழமை முதல் வேலையாக வள்ளி தெருமுனைக்குப் போனாள். அங்கே அப்துல் மாலிக் ஃபால்ஸ், பிக்கோ, கிழிசல் தைக்கும் கடை வைத்திருந்தார். இனி அந்த வேலையெல்லாம் உங்களிடம் அனுப்புகிறேன் என்றதும் அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"கடையை மூடப் போறியாம்மா?"

"இல்ல பாய். திறக்கப் போறேன்."

கடையின் புதுச் சட்டம் சின்னது. ப்ளவுஸ் மட்டும்தான் தைக்கப்படும். லைனிங் அவரவர் வாங்கி வர வேண்டும். வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது இல்லை. போன் சந்திரம்மாளின் சாப்பாட்டுப் பைக்குள் போய், மாலை நாலு மணிக்கு ஊறுகாய் வாசனையோடு வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு ப்ளவுஸ் வாங்கப்படாது. நேரில் வந்து அளவு கொடுத்தால்தான் துணி உள்ளே வரும்.

அடுத்த இரண்டு வாரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "வள்ளிக்குத் திமிர் வந்துடுச்சு" என்று தெருவில் பேச்சு வந்தது. கல்யாணங்கள் இல்லாத புரட்டாசி என்பதால் சேதம் குறைவு. ஆனாலும் சந்திரம்மாள் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா நான் வேற கடை பாக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. பஸ் பாஸ் எடுக்கணும்."

வள்ளி அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் வருகிறார்கள், வாசலில் நிற்கிறார்கள், டேப்பைப் பார்த்ததும் "அப்புறம் வரேன்" என்று நழுவுகிறார்கள். ஏன் என்று புரியவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவளும் ரங்கநாயகி மாமிதான். கல்யாணத்தில் பட்டது போதும் என்று அவளே அளவு கொடுக்க வந்து நின்றாள். வள்ளி டேப்பைச் சுற்றியதும் மாமி அவள் காதருகே குனிந்தாள்.

"அடியே, நம்பரை மட்டும் உரக்கச் சொல்லாதே. வெளியில ஸ்கேனுக்கு வந்த புருஷாளெல்லாம் உக்காந்திண்டிருக்கா."

அவ்வளவுதான் விஷயம். வள்ளி நம்பரை உரக்கச் சொல்ல, சந்திரம்மாள் அதைவிட உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வாள். எல்லா டைலர் கடையிலும் அப்படித்தான். பெண்கள் பயந்தது டேப்புக்கு இல்லை, நம்பருக்கு. நம்பரைக் கேட்கக் கூடாது என்றுதான் அவர்கள் பழைய ப்ளவுஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வள்ளி டேப்பைச் சுருட்டி வைத்தாள். பாவாடைக்குக் கோக்கும் வெள்ளை நாடாவில் ஒரு துண்டு வெட்டி மாமியைச் சுற்றினாள். மார்புக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, தோளுக்கும் கைக்கும் ஒவ்வொன்று, எல்லாம் பேனாவால். நம்பரே கிடையாது. நாடாவைச் சுருட்டி, பெயர் எழுதிய காகிதத்தோடு ஊக்கில் குத்தி ஆணியில் மாட்டினாள்.

"இதுல நான் எத்தனைன்னு உனக்கே தெரியாதா?" என்றாள் மாமி.

"தெரியாது மாமி. துணிக்குத் தெரிஞ்சா போதும்."

மாமி அன்று மாலையே வடக்குச் சித்திரை வீதி முழுக்கச் சொல்லிவிட்டாள். நம்பர் சொல்லாத டைலர் என்று பேர் பரவியது. ஸ்ரீரங்கத்திலிருந்து மாமிகள் ஆட்டோவில் கும்பலாக வந்தார்கள். ஸ்கேன் சென்டர் நர்ஸுகள் டீ நேரத்தில் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மாடியில் இருந்த பல் டாக்டரம்மாவும் இறங்கி வந்தார். தைத்தது முதல் தடவையே சேர்ந்தது, அதனால் திரும்பி வருவது அநேகமாக நின்றது. பிரிக்கும் வேலை போனதும் சந்திரம்மாள் ஒரு முழு மெஷினில் உட்கார்ந்தாள். அவள் கை இத்தனை வேகம் என்று வள்ளிக்கு அதுவரை தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு பேரும் ஆறு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு, ஒருவரையொருவர் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் போனில் கேட்ட அறிவுமதிக்கு மட்டும் குரல் வாடியது.

"அப்ப நான் ஆறு வருஷம் பேசிச் சமாளிச்சதெல்லாம் வேஸ்ட்டா?"

"நீ நல்லாத்தான் சமாளிச்சே. அவ்ளோ நல்லா சமாளிச்சதாலதான் எங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியவே இல்லை."

"இதுக்குப் பேரு பாராட்டா?" என்று அறிவுமதி போனை வைத்தாள். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் கடையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். கடை நன்றாக நடக்கும் நாட்களில் வள்ளிக்கு அந்த ஒன்று மட்டும் முள்ளாக இருந்தது.

தை பிறந்தது. சவரிநாதன் வந்தபோது உள்ளே நிற்க இடமில்லாமல் வாசலில் நின்றார்.

"என்னம்மா, முடிவு சொல்றீங்களா?"

"நடத்துறேன் சார். மாடியில டாக்டரம்மா வேற இடம் போறாங்களாம். அந்த ரூமையும் எனக்கே குடுத்துடுங்க."

சவரிநாதன் மாடியைப் பார்த்தார், ஆணிகளில் தொங்கிய நாடாச் சுருள்களைப் பார்த்தார். "என் வீட்டுக்காரம்மா பேரு இதுல இருக்கா?"

"அது சொல்லக் கூடாது சார்."

அவர் சிரித்துக்கொண்டே போய் ஸ்கேன் சென்டர்காரர்களுக்குக் கைவிரித்தார். மாடியில் மூன்று மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. மறு வருடம் அது ஐந்தாயிற்று. திரைச்சீலை கேட்டு வருகிறவர்களுக்கு வள்ளி இன்றும் சிரித்த முகத்தோடு தெருமுனையைக் கை காட்டுகிறாள். அப்துல் மாலிக்கும் இரண்டாவது மெஷின் வாங்கிவிட்டார்.

அதற்கும் அடுத்த வருடம், மாசி மாதத்தில் ஒரு நாள், நாலு மணிக்குச் சந்திரம்மாளின் பையிலிருந்து போன் வெளியே வந்தபோது அதில் அறிவுமதியின் செய்தி இருந்தது:

"அக்கா, சித்திரையில வரேன். இந்தத் தடவை ஆறு மாசம் இருப்பேன். எனக்கு ப்ளவுஸ் வேணும், ஆனா அவசரப்பட்டு வெட்டிடாத. மாசத்துக்கு மாசம் அளவு மாறும்னு இங்க டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ உளறிடாத. அப்புறம் அத்தனை மாசம் என்னால சும்மா உக்காந்திருக்க முடியாது. கடையில எனக்கு என்ன வேலைன்னு யோசிச்சு வை."