ஏலக்காய்ச் சாக்கில் இறங்கிய தையல் மிஷின்

மதுரை ஆரப்பாளையத்தில் விடியும் முன்னே பஸ் ஏறி, போடிநாயக்கனூரில் இறங்கியபோது மணி எட்டு. மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இங்கேதான் உற்சாகம் தொடங்கும். நான் வந்தது என் அக்காவைக் கூட்டிப்போக. மச்சான் போன பிறகு அவளுக்கு முழங்காலும் போய்விட்டது. சரிவில் நின்று ஏலக்காய் எடுக்க முடியவில்லை. வேலைக்கு வராதவர்களுக்கு எஸ்டேட் வீடு கிடையாது. அன்று மதியத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"நம்ம வீட்டுக்கு வந்துரு" என்று போனில் சொன்னபோது அவள் சொன்ன பதில் இது: "வர்றேன் தம்பி. ஆனா உம் பொண்டாட்டி கையப் பாத்துச் சோத்துக்கு உக்கார மாட்டேன். மிஷினக் கொண்டாந்து சேத்துரு, எம் பாட்ட நான் பாத்துக்கிறேன்." எங்கள் தெருமுனையில் ஒரு கடையின் முன்பக்கத்தை அவள் தைப்பதற்காகப் பேசி வைத்திருந்தேன்.

போடிமெட்டு இருபத்தேழு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் ஆளுக்கு நூறு ரூபாய். ஒன்பது பேர் வண்டியில் பதினைந்து பேரை அடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஒட்டி உக்காருங்கண்ணே" என்றார் டிரைவர் அன்வர். இயற்கைக் காட்சி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மூக்குக்கு நேரே ஒருவருடைய சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் ஆறு கிலோமீட்டரில் அக்காவின் லைன் வீடு. வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துப் பரவசப்படும் அந்தப் பச்சைக்கு நடுவே, சுவரெல்லாம் பாசி பிடித்த ஒற்றை அறை.

வாசலில் சாவிக்காக எஸ்டேட் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். சாவு வீட்டில்கூட அவ்வளவு பொறுமையாக நிற்பாரா தெரியாது.

அக்கா மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஊசியையும் பாபினையும் எடுத்து ஒரு சுருக்குப் பையில் போட்டாள். துணி அழுத்தும் பாதத்தின் கீழே ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து இறக்கினாள். பெல்ட்டை உருவினாள், சக்கரம் சுற்றாமல் கட்டினாள், எண்ணெயைத் துடைத்தாள். மிஷின் தலையைப் பின்னால் சாய்த்து, திருகுகளைத் தளர்த்தி, பலகையிலிருந்து தூக்கினாள். அதுவரை எல்லாம் சரி. பிறகு புத்தம் புதிய ஏலக்காய்ச் சாக்கு ஒன்றை விரித்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறை. அதற்குள் தலையை வைத்து, நாலு பக்கமும் வெட்டுத்துணியைத் திணித்து, வாயைத் தைத்தாள்.

"மரப்பெட்டி வேணும்க்கா. வார்ப்பிரும்பு, தட்டுனா ஒடஞ்சிரும்" என்றேன்.

"தச்சன் பூப்பாறையில இருக்கான். இந்தாளு அதுவரைக்கும் நிப்பாரா? நீ சும்மா இரு தம்பி. இந்த மலையில எங்கள மழையில விட்டாலும் விடுவாங்க, ஏலக்காய நனைய விடமாட்டாங்க. அது மேல ஒருத்தன் காலு படாது. இதவிடப் பத்திரம் வேறென்ன இருக்கு?"

முப்பது வருஷம் பார்த்ததைத்தான் சொன்னாள்.

இரண்டு மணிக்கு அதே ஜீப்பில் இறங்கினோம். உள்ளே இடமில்லை என்று மிஷினை எஸ்டேட் மூட்டைகளோடு மேலே ஏற்றினார் அன்வர். "உள்ள மிஷினு இருக்கு" என்று இருமுறை சொன்னேன். மெட்டில் மழை பிடித்தது. பக்கவாட்டுப் படுதாக்களைக் கழற்றி மூட்டைகளுக்குப் போர்த்தினார். உள்ளே நாங்கள் தொப்பலாக நனைந்தோம்.

அக்கா சிரித்தாள். "பாத்தியா? நாமதேன் நனையுறோம். அது நனையல."

அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

போடியில், மிஷினை மதுரைக்குப் போட நினைத்திருந்த பார்சல் ஆபீசுக்குப் போகும் முன்பே, மூட்டைகளை இறக்க ஏலக்காய் கிட்டங்கியில் ஜீப் நின்றது. சரக்கு வந்ததைச் சொல்ல அன்வர் உள்ளே போனார். நாங்கள் நசுங்கிக் கிடந்த இடத்திலிருந்து காலை உருவுவதற்குள் லோடுமேன் ஒருவர் மேலே ஏறிவிட்டார். மூட்டைகள் பொத் பொத்தென்று விழுந்தன. ஏலக்காய் என்றால் விழுந்தாலும் உடையாது. மலைமேல் பிள்ளையைப் போலப் பார்க்கிற சரக்கைக் கீழே இப்படித்தான் தள்ளுவார்கள் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஏற்றுவதை மட்டுமே பார்த்தவள் அவள்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று நான் கத்தியபோது அதுவும் கீழே வந்தது. சத்தம் வேறாக இருந்தது.

"எடை கம்மியா இருக்கேன்னு பாத்தேன். ஏலக்கா சாக்குல எவண்ணே மிஷினக் கட்டுவான்?" என்றார் லோடுமேன். அவர் மேல் கோபப்பட முயன்றேன். கோபமெல்லாம் மலைமேல் வாசலில் நின்ற ஆளிடமே போயிற்று.

பிரித்துப் பார்த்தால் மிஷினின் கழுத்து இரண்டாக இருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை.

பஜாரில் மிஷின் ரிப்பேர் செய்பவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வெல்டு வெச்சாலும் ஊசி நேரா எறங்காதும்மா. இரும்பு வெலைக்குப் போட்ருங்க." அக்கா போடவில்லை. சாக்கை மறுபடி கட்டினாள்.

ஆறு மணி பஸ்சில் மதுரைக்குத் திரும்பினோம். பின்னால் மலை அழகாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு மனமில்லை. "வேற மிஷினு வாங்கிக்கலாம்க்கா" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. சுருக்குப் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். தேனி தாண்டியதும் கேட்டாள்:

"உம் பொண்டாட்டி காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பா?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடி எந்திரிச்சு வாசல் தெளிச்சிரணும்ல?"