பதம் பார்ப்பவள்

நாளிதழின் ஒரு தாளை இடது கையில் தொங்கவிட்டு, அதன் மேல் விளிம்பில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறாள் சாதிகா. தாள் முனகாமல் இரண்டாகிறது. முனகியிருந்தால் அந்தக் கத்தி சாணைக்குத் திரும்பிப் போயிருக்கும். அடுத்து அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, டியூப்லைட் வெளிச்சம் அதன் முதுகில் கோணாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறாள். பிடியை மரக்கட்டையில் தட்டிக் காது கொடுக்கிறாள். கடைசியாகக் கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே நகத்தை ஓட்டுகிறாள். நகம் சிக்கினால் சிவப்பு ஸ்டிக்கர். வழுக்கிக்கொண்டு போனால் பச்சை.

கப்பலூர்ப் பக்கம் இருக்கிற சின்ன ஃபேக்டரி அது. கறிக்கடைக் கத்தி, மீன் கத்தி, சமையல்கட்டுக் கத்தி என்று எல்லாமே மடக்க முடியாத கத்திகள். நுனியில் தொடங்குகிற இரும்பு பிடிக்குள் புகுந்து கடைசிவரை ஓடும். அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொன்றும் சாதிகாவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கத்தியைத் தொட்டுத் தொட்டு அவள் கட்டைவிரல் ரேகை அழிந்துவிட்டது. பழங்காநத்தத்தில் ரேஷன் கடை மெஷின் அவளை ஆளென்றே ஒப்புக்கொள்வதில்லை. மகள் முபீனா கூடப்போய் விரலை வைத்தால்தான் அரிசி. வீட்டில் தக்காளியைக்கூட எடுத்தவுடன் நறுக்க மாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “அதையும் பாஸ் பண்ணி விடு, பசிக்குது” என்பார் கணவர் பரீத்.

ஃபேக்டரியில் அவள் மேசையின் ஒரு மூலையில் ஒரு செல்போன் இருக்கிறது. ஒவ்வொரு கத்தியின் உறையிலும் அச்சடித்திருப்பது அந்த நம்பர்தான். முதலாளியின் மகன் ஸ்ரீகுமார் நிர்வாகத்துக்கு வந்த புதிதில், பார்த்து அனுப்புகிறவரே குறையையும் கேட்டுக்கொள்ளட்டும் என்று அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சாதிகாவும் மறுக்கவில்லை. யார் அழைத்தாலும், பெயர் ஊர் கேட்கும் முன்னால் அவள் கேட்பது ஒன்றுதான்: “மொதல்ல சொல்லுங்க, கையில கிய்யில படலையே?” படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றது. பெயின்ட் டப்பாவை நெம்பி முனையை ஒடித்தவர்களும், எலும்போடு மல்லுக்கட்டிக் கூர்மையை மழுங்கடித்தவர்களும் அவளிடம் சண்டைக்கு வருவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிண்ணே. கத்தி கத்தி வேலையத்தேன் பாக்கும். கடப்பாரை வேலைய அதுக்கிட்ட குடுக்காதீங்க” என்பாள். பேசியவர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்.

ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாருடைய பேச்சும் எடுபடாது. ஒருமுறை பக்ரீத் நெருக்கத்தில் பிடி லேசாக ஆடிய ஒரு கட்டுக் கத்திகளை அனுப்பிவிடலாம் என்று ஸ்ரீகுமாரே கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. “ஒண்ணு தேறும், இல்லாட்டித் தேறாது. நடுவுல என்னா இருக்கு?” என்று சொல்லிவிட்டு அத்தனைக்கும் சிவப்பு ஒட்டினாள். நல்ல கத்தியைச் சந்தேகத்தின் பேரில் ஒதுக்குவதும் அவளுக்குப் பிடிக்காது. செய்தவன் உழைப்பை அவமதிக்கிற காரியம் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து சோணையம்மாளின் அழைப்பு வந்தது. பின்னால் மண்வெட்டிச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. நூறுநாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரையிலிருந்து பேசினாள். புருஷன் ஆண்டிச்சாமி ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டோரம் ஆட்டுக்கறி போடுகிறவன். அவன் வாங்கிய கறிக்கத்தியின் பிடி ஆடுகிறதாம். கையில் பட்டுச்சா என்று சாதிகா கேட்டாள். “இல்லக்கா, இன்னும் படல” என்று பதில் வந்தது. அந்த ‘இன்னும்’ சாதிகாவுக்கு உறுத்தியது. ஆனால் அடுத்த அழைப்பு காத்திருந்தது. உசிலம்பட்டியில் வாங்கிய பாத்திரக்கடையிலேயே கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டாள்.

கத்தி வந்தது. தட்டிப் பார்த்தாள், நகத்தை ஓட்டிப் பார்த்தாள். பிடி கல்லாட்டம் இருந்தது. எண்ணெய் தடவித் திருப்பி அனுப்பினாள். அடுத்த மாதம் அதே கத்தி மறுபடி வந்தது. இம்முறை கூர் நிற்கவில்லை என்று புகார். நாளிதழில் இழுத்தாள், தாள் சத்தமில்லாமல் பிளந்தது. மூன்றாம் தடவை துருப்பிடிக்கிறது என்று வந்தபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சோணையம்மாளைக் கூப்பிட்டு, ஒரு குறையும் இல்லாத கத்தியை எதற்கு இப்படி அலைய விடுகிறாய் என்று சத்தம் போட்டாள்.

சோணையம்மாள் வேலைசெய்கிற பெண்களை விட்டுத் தள்ளி நடந்து வருவது போனில் கேட்டது. முட்செடி சேலையை இழுத்திருக்கும் போல. நின்று எடுத்துவிட்டுப் பேசினாள்.

“கத்தியில ஒண்ணும் இல்லக்கா. அது கொஞ்ச நா அங்கனயே கிடக்கட்டும்.”

சாதிகாவுக்குப் புரியவில்லை. சோணையம்மாள் மெல்ல மெல்லச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தால் ஆண்டிச்சாமி அந்தக் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து உட்கார்ந்துவிடுவான். உன்னை இன்றைக்கு முடிக்கிறேன் என்பான். விடியும்வரை அவள் சுவரோடு ஒண்டியிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறை அவனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். “பேசி விட்டதுக்கும் சேத்து அடி வாங்குனேங்க்கா” என்றாள். கம்பெனிக்காரர்கள் காசில்லாமல் சரிபண்ணித் தருகிறார்கள் என்றால் அவனுக்கு அதில் ஒரு பெருமை, மறுக்காமல் கொடுத்துவிடுகிறான்.

வீட்டில் வேறு கத்தி அரிவாள் கிடையாதா என்று சாதிகா கேட்டாள். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“இல்லாம என்னா, இருக்கு. ஆனா இதைத்தேன் எடுத்துவச்சு உக்காருவாரு. இது இல்லாத அன்னைக்கு வஞ்சுபுட்டு, பேசாமப் படுத்துர்றாரு. நான் தூங்குறதே அன்னைக்குத்தேன்.”

போனை வைத்த பிறகு சாதிகா அந்தக் கத்தியை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அந்த வருடத்தில் அவள் பார்த்தவற்றில் அதுவும் ஒரு நல்ல கத்தி. பிறகு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அதன் மேல் ஒட்டினாள். பிடிக்குள் விரிசல், தயாரிப்புக் குறை என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கத்தியைத் தன் மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில் தொங்கவிட்டாள். கேட்டால் ஆராய்கிறோம் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பது அவள் கணக்கு. ஸ்ரீகுமாரிடம் சொல்லவில்லை. அடுத்தவர் குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்று அவர் கத்தியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் படுத்துவிட்டாள். பரீத்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

எழுந்து வேலைக்குப் போன அன்று ஸ்ரீகுமார் அவளுக்காகக் காத்திருந்தார். முகம் சரியில்லை. அவள் ஒதுக்கிய உசிலம்பட்டிக் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தார். சாதிகாவே சிவப்பு ஒட்டியிருக்கிறாள் என்றால் குறை நிச்சயம் என்று அவர் நம்பிவிட்டார். ஒரே வாடிக்கையாளரை மூன்று முறை அலைய வைத்துவிட்டோமே என்று வருந்தி, ஆண்டிச்சாமியைத் தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, புதுக் கத்தி ஒன்றையும் அன்பளிப்பாக ஒரு தோல் உறையையும் அனுப்பியிருக்கிறார். இப்போது பாத்திரக்கடைக்காரரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. அந்தப் புதுக் கத்தி ஆண்டிச்சாமியின் மனைவி கையைக் கிழித்துவிட்டதாம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். கம்பெனிக் கத்தி பிடி வழுக்கிவிட்டது என்று புருஷன் ஊரெல்லாம் சொல்கிறானாம்.

சாதிகா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பழைய கத்தி சிவப்பு ஸ்டிக்கரோடு தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகப் போனதும் அவள் நகம் ஓட்டிப் பச்சை ஒட்டியதுதான். அதற்குப் பதம் சரியாக இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான்.

“அதுல விரிசலே இல்ல சார். நான்தேன் பொய்யா ஒட்டுனேன்” என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். உட்காராமல், மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஸ்ரீகுமார் நாற்காலியில் சரிந்தார். அவர் கெட்டவர் அல்ல, உண்மையிலேயே கலங்கிப்போனார். ஆனால் அவருக்குக் கம்பெனியும் இருந்தது. நிமிர்ந்து, “இத வெளிய யாருட்டயும் சொல்லாதீங்கக்கா. நம்ம கத்தியில குறை இல்லைன்னு அந்தம்மா வாயால சொல்லச் சொல்லி, போன்ல ஒரு வீடியோ மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. அது போதும்” என்றார்.

மாலையில், பார்வையாளர் நேரத்தில் சாதிகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் கட்டில் கட்டிலாகப் பெயரைக் கேட்டுக்கொண்டு நடந்தபோது, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த ஒருத்தி தலையைத் தூக்கினாள். “அக்கா, நீங்களா? கொரலை வச்சுக் கண்டுபிடிச்சேன்.”

போனில் கேட்ட குரலுக்கு நடுவயதுக்காரி என்று நினைத்திருந்தாள் சாதிகா. இவளுக்கு முப்பதுகூட இருக்காது. வலது கையை முழங்கைவரை கட்டி, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் வீங்கித் தெரிந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் இனி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மண்வெட்டி பிடிக்க முடியுமா என்றுதான் அவள் அவரிடம் கேட்டாளாம்.

“புதுசு வந்துருச்சுக்கா” என்றாள், ஊர்ச் சேதி சொல்வதுபோல. குறை சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. சாதிகாவுக்கு அதுதான் தாங்கவில்லை. காய்ச்சலில் கிடந்தேன், எனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் கொடுத்தாள்.

பிறகு கம்பெனியில் கேட்ட வீடியோவைப் பற்றிச் சொன்னாள். சோணையம்மாள் தலையாட்டினாள். கத்தியின் மேல் பழி போடுவது அவளுக்கும் பிடிக்கவில்லை. கறி வெட்டும்போது கை தவறிவிட்டது என்று சொல்கிறேன், டாக்டரிடமும் போலீஸிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் என்றாள். நடந்தது அதுவா என்று சாதிகா கேட்டதற்குக் கூரையைப் பார்த்துக்கொண்டாள். திருவாதவூரில் இருக்கும் தம்பி வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருப்பதாகவும், அவன் வருவானா என்று தெரியவில்லை என்றும் மட்டும் சொன்னாள்.

சாதிகா போனை எடுத்து நேராகப் பிடித்தபோது ஆண்டிச்சாமி வந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் டீ பிளாஸ்க். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து கும்பிட்டான். அத்தனை தூரத்திலிருந்து வந்து பார்க்கிறார்களே என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பெருமையாகச் சொன்னான். போனைப் பார்த்ததும் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று, மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினான்.

“சொல்லு புள்ள. கறி வெட்டயில பிடி வழுக்கிப் பட்டுருச்சுன்னு சொல்லு.”

 சோணையம்மாள் கட்டுப் போட்ட கையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

சாதிகா எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கி, அவன் நின்ற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சற்று ஓரமாக நிற்கும்படி திரும்பாமலே சொன்னாள். இப்போது சோணையம்மாளின் கண்ணுக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. சாதிகா போனை மறுபடி உயர்த்திப் பிடித்து, படம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

“நடந்தத மட்டும் சொல்லும்மா. அவசரமில்ல.”

சோணையம்மாள் இடது கையை ஊன்றி நிமிர்ந்தாள்.  பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இங்கே திரும்பினார்கள்.

“கத்தியில ஒரு குறையும் இல்ல” என்றாள். அடுத்ததைச் சொல்லும்போது குரல் தாழவில்லை. “வெட்டுனது எம் புருஷன்.”

பிளாஸ்க்கைத் தரையில் வைக்கிற சத்தம் பின்னால் கேட்டது. சாதிகா திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பிடிக்காத கையால் கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள்.